ஒத்த ரிங்

ஜூலை 14, மோன்பெலியே

லீவுக்கு எங்கே போறேன்னு ஹாஸ்டலில் எல்லாரும் கேட்டாச்சு. மத்தியதரைக் கடல் ஓரமாவே ரயிலில், மார்செய், நீஸ், அப்படியே இத்தாலின்னு சொன்னேன். கொடுத்து வச்சவள்னு பெருமூச்சு விட்டா பக்கத்து ரூம் மரியேல். மாணவர்களுக்குக் கோடைக்கால ரயில் பாஸ் ஒண்ணு இருக்கு, ஒரு மாசம் ஏறி இறங்கலாம். ஆமா, கொடுத்துதான் வச்சிருக்கேன். எல்லாரும் பையில நீச்சல் உடுப்பு வைக்கிறாங்க, நான் அண்ணன் போட்டோவைப் பிரதி எடுத்து வச்சிருக்கேன்.

புது டைரி, அதனால முறையா எழுதுறேன். அண்ணன் பேரு கஸ்பார். கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. போன நவம்பரில் கப்பல் ஜெனோவாவுக்குப் போற வழியில், ஒரு காலையில் வேலைக்கு ஆள் வரலை. கப்பலைச் சல்லடை போட்டுச் சலிச்சிருக்காங்க. கடலிலும் தேடியிருக்காங்க. அப்புறம் வருத்தம் தெரிவிச்சு வீட்டுக்குச் சொல்லிட்டாங்க. உடல் கிடைக்கலை. உடல் கிடைக்காததால எங்க அம்மாவுக்கு அவன் சாகலை.

தூத்துக்குடியில் எங்க தெருவில் இதுக்கு ஒரு வழி வச்சிருக்காவ. கடலில் போனவன் கிடைக்கலன்னா கொஞ்ச காலம் பார்ப்பாவ. அப்புறம் அவன் சட்டையைப் பெட்டியில் வச்சு, பூசை வச்சு, கல்லறையில் அடக்கம் பண்ணிருவாவ. மாதா கோயில் திருவிழா முடிஞ்ச கையோட பண்ணிரலாம்னு பங்குச் சாமியார் சொல்லிட்டார். அம்மா ஒத்துக்கிட மாட்டேங்கா. ஜனவரியில் அவ போனுக்கு ஒரு ரிங் வந்திச்சாம்.

எங்க வீட்டுப் பழக்கம் அது. வெளியூர் போய்ச் சேர்ந்தா போன் பேச மாட்டோம், ஒத்த ரிங் விட்டு வச்சிருவோம். எடுத்தா வீண் செலவுன்னு அப்பா லாரி ஓட்டுன காலத்தில் ஆரம்பிச்சது. அப்பா போய்ச் சேர்ந்தும் பழக்கம் போகலை. வாட்ஸ்அப் வந்தும் போகலை. அண்ணன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரே ஒரு ரிங். அம்மா சிலுவை போட்டுக்கிட்டு, பிள்ளை சேந்துட்டான்னு அடுப்பைப் பார்க்கப் போயிருவா.

ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் கழிஞ்ச வாரம் வந்த ரிங்காம். இத்தாலி நம்பர், கரையோரத்து ஊர் ஏதோ ஒண்ணோட லேண்ட்லைன். வெளியே சொன்னா கண்ணு பட்டுரும்னு மார்ச் வரைக்கும் எங்கிட்டகூட அம்மா மூச்சு விடலை. மார்ச்சில் நான் அந்த நம்பருக்கு அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்திச்சு, யாரும் எடுக்கலை.

கஸ்பார் நீந்திக் கரை ஏறிட்டான், பேப்பர் இல்லாததால ஒளிஞ்சு திரியுறான், போன் அடிச்சா பயந்து ஓடிருவான், நேர்ல போய்க் கூட்டிட்டு வா. இதுதான் அம்மா கட்டளை. ஊர்ல சாமி இருக்கு, பிரான்ஸ்ல நீ இருக்கன்னு சொல்லுதா.

ஜூலை 15, மார்செய்

துறைமுகத்தில் மாலுமிகள் வந்து தங்குற விடுதியில் போட்டோ காட்டினேன். அங்கே இருந்த பெரியவர் என் பேரு டெல்பின்னு கேட்டதும் பிரெஞ்சுக்காரின்னு நிமிர்ந்தார், முகத்தைப் பார்த்துக் குழம்பிட்டார். எங்க ஊர்ல இந்தப் பேரு தெருவுக்கு ரெண்டு இருக்குன்னு யார் அவருக்குச் சொல்ல. போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். நவம்பர் தண்ணி எவ்வளவு குளிரும் தெரியுமான்னு மெதுவா கேட்டார். நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் கடற்கரை முழுக்கக் குடை. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள விழுறாங்க. எனக்கு ஒவ்வொருத்தனையும் முடியைப் பிடிச்சு வெளியே இழுக்கணும் போல இருந்திச்சு.

ஜூலை 16

துணி துவைச்சேன். வேறொண்ணும் இல்லை.

ஜூலை 17, நீஸ்

மார்செய்லேர்ந்து நீஸ் வரைக்கும் கடல் வலது பக்கம் கூடவே வருது. சிவப்புப் பாறை, அடியில் பச்சைத் தண்ணி. எதிர் சீட்டில் ஒரு ஜோடி போட்டோவா எடுத்துத் தள்ளுது. நான் பாறைச் சந்து சந்தா பார்த்துக்கிட்டு வந்தேன். ஒரு ஆளு இங்கே ஏறலாம், அங்கே ஏறலாம்னு. கிறுக்கி மாதிரி. அண்ணன் விழுந்த இடம் இன்னும் எவ்வளவோ தள்ளி.

இந்தப் பாதையில் நான் ஒரு தடவை வந்திருக்கேன். பொங்கலுக்கு முந்தின வாரம் வகுப்போட, கரை அரிப்பு பார்க்கன்னு கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு அப்போ சளி, காய்ச்சல். ஜன்னலில் சாய்ஞ்சு தூங்கிட்டேன். பெருசா ஞாபகம் ஒண்ணும் இல்லை.

மைனி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கா. விண்ணரசி மைனி, அண்ணன் பொண்டாட்டி. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்கூட ஆகலை, அதிலும் அண்ணன் கரையில் இருந்தது கொஞ்ச நாள்தான். அவ தங்கச்சிக்கு செப்டம்பரில் கல்யாணம். பொண்ணுக்கு நகை பூட்ட இவளைக் கூப்பிடலாம், தாலி இருக்கேன்னு சிலபேரு சொல்லுதாங்களாம், வேண்டாம், புருசன் இல்லையேன்னு சிலபேரு சொல்லுதாங்களாம், ரெண்டு கூட்டமும் இவ முன்னாலயே பேசுதாம். கடைசியில், "ஒரு பதில் சொல்லு டெல்பின். அவிய இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. எனக்கு ஒரு பதில் வேணும்"னு முடிச்சிட்டா. அழுகை இல்லை. அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

ஜூலை 18, வென்டிமிலியா

பார்டர் தாண்டி முதல் இத்தாலி ஸ்டேஷன். இந்தப் பக்கம் வர ஒருத்தனும் தடுக்கலை. எதிர் பிளாட்பாரத்தில் பிரான்ஸ் போற ரயிலுக்குக் கறுத்த பையன்கள் நிறையப் பேர் காத்திருக்காங்க. இவங்கள்ள பாதிப் பேரைப் பார்டர்ல போலீஸ் திரும்ப இறக்கிருவாங்கன்னு டீ விக்கிற பொம்பளை சொன்னா. ஒவ்வொருத்தன் முகமா பார்த்தேன். அம்மா சொல்றது நடக்காத கதை இல்லை. இங்கே எத்தனை பேருடைய அம்மாவுக்கு அது நடந்திருக்கு.

ஸ்டேஷன் எதிரே சாப்பாட்டுக் கடை வாசலில் ஒருத்தர் பாத்திரம் கழுவின தண்ணியை ஊத்திக்கிட்டே தனக்குத்தானே முணுமுணுத்தார். தமிழ். நின்னுட்டேன். பேரு லோகநாதன், மன்னார்க்காரர். இத்தாலிக்கு வந்து தலை நரைச்சாச்சாம். போட்டோவைக் கையைத் துடைச்சிட்டு வாங்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் வாற எங்கட ஆக்கள் எல்லாரும் ஒருக்கா இந்தக் கடைக்குச் சோத்துக்கு வருவினம் தங்கச்சி, இவர் வரேல்லை என்றார். நம்பரைக் காட்டினேன். அடிச்சுப் பார்த்தனீங்களோன்னு கேட்டார். மார்ச்சில் அடிச்சேன்னேன். பிறகு? பிறகு இல்லை. ஏன் என்றார். எனக்கும் தெரியலை.

நான் அடிச்சுத் தாறனேன்னு தன் போனை எடுத்தார். வேண்டாம் அண்ணை, நாளைக்குன்னு சொல்லி வந்துட்டேன். அம்மா அடிக்க வேண்டாம்னு சொன்னதால.

ஜூலை 19

அம்மா கூப்பிட்டா. அண்ணனுடைய நீலச் சட்டையைத் துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்காளாம். திருவிழாவுக்குத் தேர் பார்க்க அதைப் போட்டா நல்லாருக்கும்ங்கா. எங்கே வரைக்கும் வந்திருக்கன்னு கேட்டா. பார்டர்ல இருக்கேன்னேன். கிட்டத்தான்னு சொல்லி வச்சிட்டா. என்ன கிட்ட, எதுக்குக் கிட்ட.

ஜூலை 20

சான் ரேமோ போய்வந்தேன். இம்பீரியா போய்வந்தேன். இறங்கி, போட்டோ காட்டி, அடுத்த ரயில் பிடிச்சு. ஒரு பாட்டி போட்டோவுக்கு முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தா. இன்னொருத்தி பிச்சை எடுக்க வந்தேன்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டா. கால் வெந்துபோச்சு.

போட்டோ கொடுக்கக் கொடுக்க ஒரு விஷயம் புரியுது. நான் யாரும் ஆமான்னு சொல்லிரக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டுத்தான் நீட்டுறேன். ஆமான்னா, உயிரோட இருந்துக்கிட்டு இவ்வளவு நாள் அம்மாவை வேக விட்டான்னு ஆகும். இல்லைன்னா, இல்லை. ரெண்டும் ஆகாது. அப்புறம் எதுக்கு இந்த ஊர் சுத்தல்.

ஜூலை 21, வென்டிமிலியா

லோகநாதன் அண்ணை கேட்காமலே அடிச்சிட்டார். நான் கஞ்சி மாதிரி இருந்த சூப்பைக் குடிச்சிட்டிருந்தேன். ரிங் போற சத்தம் எனக்கும் கேட்டுது. எடுத்துட்டாங்க.

இத்தாலியனில் ரொம்ப நேரம் பேசினார். வச்சிட்டுச் சொன்னார்: சான் பெலீனோன்னு ஒரு சின்ன ஸ்டேஷன், அதுக்குள்ள இருக்கிற காப்பிக் கடை நம்பராம். நடத்துற மனுசி பேரு நோர்மா. பிப்ரவரியில் அவவுக்கு இடுப்பு ஆபரேஷன், அன்றைக்குப் பூட்டின கடையைப் போன மாசம்தான் திறந்தவவாம். ஜனவரியில் கடை திறந்துதான் இருந்திருக்கு. ஆரும் பொடியன் வந்து போன் கேட்டவனோன்னு விசாரிச்சாராம். நேர்ல வரச்சொல்லு, போனில் என்னத்தைச் சொல்றதுன்னு சொல்லிட்டாளாம்.

நல்ல சேதி போலத்தான் கிடக்கு தங்கச்சி, ஏன் முகம் இப்பிடி என்றார். வெயில் அண்ணைன்னு சொன்னேன்.

ஜூலை 22

போகலை. தலைவலி.

ஜூலை 23

இன்னைக்கும் போகலை. அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டா, எடுக்கலை. மைனி ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தா.

ஜனவரி வகுப்புப் பயணத்தைப் பத்தி யோசிச்சுப் பார்த்தேன். திரும்புற வழியில் ரயில் தாமதமாகி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கி நின்னோம். செம குளிர். என் போன் செத்துப்போச்சு. வெளியூர் கூட்டிட்டுப் போறாங்கன்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லியிருந்தேன், இத்தாலின்னு சொன்னா பயப்படுவா. வகுப்புப் பையன் கிளெமான் யார்கிட்டயோ போன் வாங்கிக் கொடுத்தான். மொபைலா இருக்கும். மறுநாள் ரூமுக்கு வந்ததும் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போட்டுட்டேன். அவ்வளவுதான் ஞாபகம்.

மொபைல்தான். நிச்சயமா மொபைல்.

ஜூலை 25, சான் பெலீனோ

வந்துட்டேன். ஸ்டேஷனை ஒட்டியே கடல். ரெண்டே பிளாட்பாரம், ஒரு சுரங்க வழி, மஞ்சள் சுவர். இறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். ஜனவரியில் அதில் உட்கார்ந்துதான் மூக்கைச் சிந்தினேன்.

கடைக்குள்ள போகாமல் பக்கத்துல ரூம் எடுத்துட்டேன். நாளைக்குப் போறேன். நாளைக்கு எங்க ஊரில் மாதா கோயில் கொடியேத்தம். அண்ணன் வயித்தில் இருக்கும்போது அம்மா வேண்டிக்கிட்டு, பிறந்ததும் ஏலத்துக்கு விட்டு மீட்டாளாம் அந்தக் கோயிலில். பிள்ளையை மாதாவுக்குக் கொடுத்திட்டு, ஏலம் கேட்டுத் திருப்பி வாங்குறது. என் பிள்ளை விலை கொடுத்து வாங்கின பிள்ளை, மாதாவால எடுத்துக்கிட முடியாதுன்னு நவம்பர்லேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கா.

ஜூலை 26, சான் பெலீனோ

எழுதிரணும். எழுதாட்டி நாளைக்கு வேற மாதிரி சொல்லிருவேன்.

காலையில் போனேன். நோர்மா நான் நினைச்ச மாதிரி கிழவி இல்லை, குண்டா, கைத்தடி ஊன்றி, உதட்டுச்சாயம் பளிச்சுன்னு. போட்டோவை எடுத்து மேசையில் வச்சேன். அவ போட்டோவைப் பார்க்கலை, என்னைப் பார்த்தா. பார்டர் பக்கத்து ஆளுங்களுக்குப் பிரெஞ்சு வரும். உனக்குச் சளி தேவலையான்னு கேட்டா.

அவளே சொல்லிட்டுப் போறா. மாணவப் பிள்ளைங்க கூட்டம், ஒரு பையன் வந்து இவளுக்கு ஊருக்குப் போன் பண்ணணுமாம்னு கேட்டான், நான் கல்லாவுக்குப் பின்னால இருக்கிற போனை எடுத்துக் கொடுத்தேன். நீ நம்பரை அடிச்சே, ஒரு மணி அடிச்சதும் வச்சிட்டே. பேசு பெண்ணே, இந்தியான்னாலும் பரவாயில்லைன்னு நான் சொன்னேன், நீ வேண்டாம், அம்மாவுக்குப் புரியும்னு சொன்னே. அதை நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கேன் தெரியுமா. ஒரு மணி அடிச்சா புரியுற அம்மா.

அப்புறம்தான் போட்டோவைப் பார்த்தா. இந்தப் பையன் யாருன்னு கேட்டா.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்னு தெரியாது. ரெண்டு மூணு ரயில் வந்து போச்சு. ஜனவரியிலிருந்து எங்க அம்மா உயிரைப் பிடிச்சு வச்சிருந்தது என் மூக்குச் சளியும் என் ஒத்த ரிங்கும். மகள் பத்திரம்னு சொன்ன ரிங்கை மகன் கரை சேர்ந்தான்னு எடுத்து வச்சிருக்கா. மகள் ரிங்குன்னு அவளுக்குத் தோணவே இல்லை. அது வேற கொஞ்சம் வலிக்குது. வலிக்க இதுவா நேரம், ஆனாலும் வலிக்குது.

சொல்லாம விட்டா என்னன்னு நினைச்சேன். கடை கைமாறிப்போச்சு, ஆளு தெரியலைன்னு ஒரு பொய். அம்மா சாகுற வரைக்கும் நம்பட்டும். யாருக்கு நட்டம்? உடனே மைனி குரல் காதில். இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.

நோர்மாகிட்ட அதே போனைக் கேட்டேன். என் போனில் அடிக்கலாம். ஆனா அந்த நம்பர்லேர்ந்து போனால்தான் அம்மா நம்புவான்னு தோணிச்சு.

ஒரு ரிங். கை தானா வைக்கப் போச்சு. இன்னொரு கையால் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது. மூணாவது அடிக்கும்போதே எடுத்துட்டா. பின்னால கோயில் ஒலிபெருக்கி, வெடிச் சத்தம், ஒரே கூட்டம். அந்த நம்பருக்கு அம்மா அண்ணன் பேரைப் போட்டு வச்சிருந்தது எனக்குத் தெரியாது.

"ஏய்யா," என்றாள். "வந்துட்டியாய்யா."

நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அவ அங்கே யாரையோ சத்தம் போடாதிங்கன்னு அதட்டுறா. சொல்லுய்யா, அம்மா இருக்கேன், சொல்லுய்யான்னு கெஞ்சுறா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்கு அந்தக் குரலில் அவ பேசினதே இல்லை.

"அம்மா, நான்தான். டெல்பின்."

"அவன் போன் உன் கையில எப்பிடிட்டி வந்துது?"

"இது அண்ணன் போன் இல்லம்மா. ஸ்டேஷன்ல காப்பிக் கடை போன். ஜனவரியில வகுப்போட இங்க வந்தேன். அன்னைக்கு ரிங் விட்டது நான்தாம்மா."

சொல்லிட்டேன். திட்டுவா, அழுவா, பொய் சொல்றேன்னு சொல்லுவான்னு காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஜெபமாலை ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா கூடச் சொல்றாளோன்னு கவனிச்சேன். சொல்லலை.

கடைசியில், "அந்த நீலச் சட்டை இஸ்திரி போட்டுத்தான் இருக்கு," என்றாள். "அதையே பெட்டியில வச்சிரலாம்."

வச்சிட்டா.

நோர்மா தண்ணி கொண்டுவந்து வச்சா. இந்தத் தடவை பேசிட்டியேன்னு சந்தோஷமா சொன்னா.

ஜூலை 27

திரும்பி வரும்போது பார்டர்ல போலீஸ் ஏறினாங்க. பெட்டியில் அத்தனை பேர் இருக்க என்னிடமும் இன்னொரு கறுத்த பையனிடமும் மட்டும் பேப்பர் கேட்டாங்க. அவனை இறக்கிட்டாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் என் மாணவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இத்தாலிக்கு எதுக்குப் போனேன்னு கேட்டார். சுத்திப் பார்க்கன்னு சொன்னேன். நல்ல சீசன் என்றார்.

ஜூலை 30, மோன்பெலியே

மைனி மெசேஜ். "சரி டெல்பின்." அவ்வளவுதான். பத்துத் தடவை பார்த்தேன், மேற்கொண்டு ஒண்ணும் வரலை.

ஆகஸ்ட் 7

காலையில் அடக்கம். மைனி வீட்டில் ஒரு சின்னப் பெண்ணிடம் போனைக் கொடுத்து எனக்குக் காட்டச் சொல்லியிருந்தாங்க. அது பாதி நேரம் வானத்தைக் காட்டிச்சு. பெட்டி முழு நீளம். அண்ணன் உயரத்துக்கே செஞ்சிருக்காங்க. உள்ளே நீலச் சட்டை கையை மடிச்சு, மேலே ஒரு ஜெபமாலை. கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி. இவ்வளவு பெரிய பெட்டியில் இவ்வளவுதான் சாமான். மைனி வெள்ளைச் சேலையில், கழுத்து வெறுமையா நின்னா. அழுதா. நவம்பர்லேர்ந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதா. அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையா இருந்திச்சு.

அம்மா அழலை. மூடப் போற நேரத்தில் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துப் பெட்டிக்குள்ள, சட்டைப் பையில் செருகினா. சாமியார்கூட என்னம்மான்னு கேட்டார். மைனி அம்மா கையைப் பிடிச்சுத் தடுத்தா.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா. "இனிமே யாரு ரிங் விட்டாலும் அவனே எடுத்துக்கிடட்டும்."

ரூமில் இருக்க முடியலை. பாஸ் இன்னும் முடியாததால மார்செய் ரயிலில் ஏறினேன். அங்கே இறங்கிக் கடல் பக்கம்கூடப் போகலை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்துட்டு அடுத்த ரயிலில் திரும்பிட்டேன்.

சாயங்காலம் மோன்பெலியே வந்து இறங்கினேன். கூட்டத்தில் நடந்துக்கிட்டே போனை எடுத்திருக்கேன், அம்மா நம்பரை அழுத்தியிருக்கேன். வேணும்னு செய்யலை. பழக்கம். அந்தப் போன் இப்போ எங்கே இருக்குன்னு காதில் வைக்கும்போதுதான் புரிஞ்சுது.

ரிங் போச்சு.

ஒத்த ரிங். வச்சிட்டேன்.